வாயிற்கதவு

'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' என வழங்குகிறது என்பர் இலக்கண நூலார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இலக்கணப் போலியை மாணவர்க்குக் கற்பித்த நான், என் சொந்த வீட்டு வாயிலைக் கருத்துடன் நோக்கியதில்லை. அதனால் நேர்ந்த பிழையையும், அதனைத் திருத்திய பெரியவர் ஒருவரையும் பற்றி இங்கே கூற விரும்புகிறேன்.

எங்கள் ஊர் காவிரியின் தென்கரையில் உள்ள சிற்றூர். கிழக்கு நோக்கிய எங்கள் வீட்டின் தேக்கங்கதவு என் பாட்டனார் செய்வித்தது. காலை வெயிலையும், ஐப்பசி கார்த்திகை மழைச் சாரலையும் அது நெடுங்காலமாகத் தாங்கி நின்றது. என் மகளின் திருமணம் நெருங்கியபோது, கதவு நிறம் மங்கிச் சாம்பல் பூத்துக் கிடந்தது. மணநாளுக்கு நான்கு நாள்களே இருந்தன. மழை ஓய்ந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை. "எவ்வாறேனும் பளபளப்பாக்கிவிடுங்கள்" என்று வண்ணம் பூசுபவரிடம் கூறினேன். அவரும் தூசியைத் துடைத்துவிட்டுப் பச்சை வண்ணத்தைத் தடிப்பாகப் பூசிச் சென்றார். திருமணத்திற்கு வந்தோர் கதவைப் புகழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி அடுத்த கோடைவரை கூட நிலைக்கவில்லை. வண்ணம் கொப்புளங்களாக எழும்பிற்று. பின்னர்ச் செதில் செதிலாக உரிந்தது. அதன்மேல் மீண்டும் ஒரு முறை பூசுவித்தேன், அதுவும் உரிந்தது. ஆண்டுகள் பல சென்றன. கதவின் அடிப்பகுதி, விரலால் அழுத்தினால் உள்வாங்கும் அளவிற்கு உளுத்துவிட்டது. "இதை எடுத்துவிட்டுப் புதுக்கதவு போட்டுவிடலாம், அப்பா" என்றான் என் மகன். நான்கு வயதுப் பேரனோ திண்ணையில் அமர்ந்து, உரிந்த செதில்களைப் பிய்த்து விளையாடிக் கொண்டிருந்தான்.

கதவைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. வண்ண வேலையில் ஐம்பது ஆண்டுப் பழக்கமுடைய முதியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கதவைப் பார்க்குமுன் குழந்தையைப் பார்த்தார். "ஐயா, முதலில் தம்பியை உள்ளே அழைத்துச் சென்று கை கழுவி விடுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். ஈயம் உடலுள் சென்றால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வண்ணத்தில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மிகலாகாது என்று நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கதவில் இருந்தவையோ அதற்கு முற்பட்ட பூச்சுகள். மறுநாளே பேரனின் குருதியை ஆய்வு செய்வித்தோம். அஞ்ச வேண்டியதில்லை என்று மருத்துவர் கூறிய பின்னரே எனக்கு மூச்சு வந்தது.

பெரியவர் கத்தியின் முனையால் கதவை ஆங்காங்கே குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் மெல்லச் சுரண்டினார். சாம்பல் நிறத் தோலின்கீழ்ப் பொன்னிறத் தேக்கு ஒளிர்ந்தது. "அடியில் ஒரு சாண்தான் கெட்டிருக்கிறது. மற்றபடி வயிரம் உறுதியாக உள்ளது" என்றார். உள்ளே வயிரம் உடையதனை 'மரம்' என்றும், வெளியே வயிரம் உடையதனைப் 'புல்' என்றும் தொல்காப்பியர் வகுத்தது என் நினைவிற்கு வந்தது.

"அவ்வாறாயின் வண்ணம் ஏன் நிற்கவில்லை, பெரியவரே?" என்று வினவினேன். அவர் கூறியதன் கருத்து இது: மரத்தின் நார்களைப் பசைபோல் பிணைத்து நிற்பது 'லிக்னின்' என்னும் பொருள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதனைச் சிதைக்கின்றன. மழை அதனைக் கழுவிச் செல்கிறது. எஞ்சுவது பிடிப்பற்ற நார். அந்த நாரின்மேல் பூசிய வண்ணம் நாரோடு சேர்ந்தே உதிரும். "மேலும், அன்று கதவு குடித்த மழைநீர் காயுமுன்னே மூடிவிட்டார்கள். உள்ளே இருந்த நீர் எங்கே போகும், ஐயா?" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

மாசி மாதத்தில் வேலை தொடங்கிற்று. கதவைக் கழற்றித் தரையில் துணி விரித்துக் கிடத்தினார். மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணிந்துகொண்டார். தூள் பறவாதபடி நீர் தெளித்துத் தெளித்துப் பழைய வண்ணத்தைச் சுரண்டினார். செதில்களை எரிக்கலாகாது என்று கூறி, ஒன்று விடாமல் பையில் திரட்டினார். தச்சர் உளுத்த பகுதியை அறுத்து நீக்கிப் பழந்தேக்குத் துண்டை இணைத்தார். பின்னர்க் கதவு பல நாள் நிழலில் உலர்ந்தது. உலர்ந்ததும், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்தார். முதற்பூச்சான பிரைமரைப் பூசிய பிறகே பிளவுகளில் மக்கு வைத்தார். வெறும் மரத்தில் வைத்தால், மக்கிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ள, மக்கு வெடித்து விழுமாம்.

அதன்பின் கதவைத் தூக்கி நிறுத்தி, அதன் அடி விளிம்பிற்கு மட்டும் மும்முறை பூசினார். வேரிலிருந்து நீர் ஏறிய நுண்குழாய்கள் குறுக்கே வெட்டுண்டு வாய் திறந்திருக்கும் இடம் அது. மரம் மிகுதியாக நீர் குடிப்பதும் அவ்விடத்தில்தான்.

"எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்திற்கு மூன்று பூச்சா?" என்றேன்.

"மழைக்குத் தெரியுமே, ஐயா!" என்றார் பெரியவர்.

முடிவில், மெல்லிய பூச்சாக, ஒரு நாள் இடைவிட்டு இருமுறை வண்ணம் தீட்டினார். பதினைந்து நாள் வேலையில் வண்ணம் தீட்டியது இரண்டு நாளே. அன்று மாலை, "முன்பு அவசரப்படுத்தியவன் நானே" என்று அவரிடம் கூறிவிட்டேன். அவர் புன்னகை செய்து, "கதவு பொறுத்துக்கொண்டதே, ஐயா" என்றார்.

அச்சொல் என்னை உறங்க விடவில்லை. தேர்வு நெருங்கிய நாள்களில், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தடுமாறிய மாணவர் சிலரை விடைகளை நெட்டுருச் செய்வித்துத் தேர்ச்சி பெறச் செய்திருக்கிறேன். ஊரார் புகழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். அவர்களுள் ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு விண்ணப்பத்தை எழுதித் தருமாறு என்னிடமே வந்து நின்றார். அன்று எனக்கு விளங்காதது, இக்கதவின் முன் நின்றபோது விளங்கிற்று. சென்ற ஆண்டு முதல் மாலைதோறும் அவர் எங்கள் திண்ணைக்கு வருகிறார், எழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

நான்கு மழைக்காலங்கள் கழிந்துவிட்டன. வண்ணம் எங்கும் உரியவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் நான் குனிந்து கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன். பேரனும் என்னுடன் குனிந்து பார்க்கிறான்.