இருட்டுக்காகக் கட்டிய சுவர்கள்

வீட்டுக்கு ஜன்னல் வேண்டும். தியேட்டருக்கு ஜன்னலே ஆகாது. பழைய சினிமாக் கொட்டகையை வீடுகளும் கடைகளுமாக மாற்ற வரும் கட்டடக் கலைஞர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முகப்பில் பெரிய சிக்கல் இருக்காது. டிக்கெட் கவுன்ட்டர், வரவேற்புக் கூடம், அகலமான படிக்கட்டு எல்லாமே தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டவை. கடையாகவோ உணவகமாகவோ சுலபமாக மாறிவிடும். பின்னால் உள்ள அரங்குதான் மல்லுக்கு நிற்கும்.

அரங்கின் கூரையைத் தாங்குவது பெரும்பாலும் சுவருக்குச் சுவர் பாய்ந்த இரும்பு டிரஸ்கள். நடுவில் தூண் கிடையாது. கூரை, உட்கூரை பாரத்துக்கு மட்டுமே கணக்குப் போட்டவை என்பதால் புதிய தளங்களை அவற்றில் தொங்கவிட முடியாது. உள்ளே மாடி எழுப்பினால் தனித் தூண், தனி அஸ்திவாரம். அதற்குத் தோண்டும்போது பழைய சுவரின் அடி ஆட்டம் காணக்கூடாது.

பால்கனி இன்னும் நுட்பமான விஷயம். இருக்கை போட்ட மாடிதானே என்று அதைத்தான் முதலில் இடிக்கத் தோன்றும். ஆனால் உயரமான பக்கச் சுவர்களை இழுத்துப் பிடித்து நிறுத்துவதே சில கட்டடங்களில் அதன் உத்தரங்கள்தான். முட்டுக்கொடுக்காமல் கழற்றினால் சுவர் சாயும். அனுபவசாலிகள் கடப்பாரையைத் தொடுவதற்கு முன்பே உத்தரம் சுவரில் புகும் இடத்தில் காரையைச் சுரண்டி, பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துவிடுவார்கள்.

நினைத்தபடி இடித்துவிட முடியாது என்பதற்கு டெட்ராய்ட் நகரத்து மிச்சிகன் தியேட்டர் பெரிய சாட்சி. 1926-இல் திறந்த அந்த மாளிகை ஐம்பது ஆண்டுகளில் மூடப்பட்டது. ஒட்டி நின்ற அலுவலகக் கட்டடத்துக்கு நிறுத்துமிடம் தேவைப்பட்டது. அரங்கை முழுதாக இடித்தால் அந்தக் கட்டடத்துக்கே ஆபத்து என்பதால், உள்ளே மூன்று தளங்களில் கார் நிறுத்துமிடம் அமைத்தார்கள். சிதைந்த அலங்கார உட்கூரையின் கீழே இன்றும் கார்கள் நிற்கின்றன. கட்டடம் பிழைத்தது, அரங்கு பிழைக்கவில்லை.

லண்டனுக்கு வடமேற்கே பெர்க்காம்ஸ்டெட் ஊரில் உள்ள ரெக்ஸ் வேறு வழி போனது. டேவிட் நை வடிவமைத்து 1938-இல் திறந்த அரங்கு அது. கடல் அலை, சிப்பி வடிவங்களில் உள்ளலங்காரம். 1988-இல் மூடப்பட்டது, அதே ஆண்டில் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலிலும் இடம்பெற்றது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2004-இல் மறுபடி படம் ஓடத் தொடங்கியது. வளாகத்தில் குடியிருப்புகள் எழுந்தன. பழைய வரவேற்புக் கூடம் உணவகமானது. ரசிகர்கள் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே போகிறார்கள். வீட்டுக்கு வேண்டிய வெளிச்சத்தை அரங்கின் சுவரில் ஓட்டை போட்டுத் தேடவில்லை. வேறு இடங்களில் முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் அடுக்குமாடி கட்டுவதையும் பாதுகாப்பு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் தியேட்டரின் உயிர் அந்தப் பெரிய வெற்றிடம். அது போனால் மிஞ்சுவது விளம்பரப் பலகைதான்.

அரங்கும் வீடும் ஒட்டி நிற்கும்போது சத்தம் ஒரு தனிப் பாடு. இரண்டு சுவர் எழுப்பி இடையில் இடைவெளி விடுவது வழக்கம். செங்கல் அடுக்கும்போது அந்த இடைவெளிக்குள் விழுந்த சாந்துக்கட்டி ஒன்று இரண்டு சுவரையும் தொட்டு நின்றால் போதும், படத்தின் அதிர்வு அதன் வழியாகப் படுக்கையறைக்குள் இறங்கும். பூசி முடித்தபின் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. ஆகவே ஒவ்வொரு வரிசை எழும்பும்போதும் இடைவெளியைச் சுத்தம் செய்ய ஆள் நிற்க வேண்டும்.

கடைகளுக்குச் சரிவான தரை ஒத்துவராது. கான்கிரீட் கொட்டி நிரப்பினால் பாரமும் ஏறும், பழைய சரிவும் நிரந்தரமாகப் புதைந்துபோகும். சரிவை அப்படியே விட்டு, அதன்மேல் கழற்றக்கூடிய மேடைத் தளம் போடுவதே மேல். நாளை யாராவது மறுபடி திரை கட்ட நினைத்தால் வழி இருக்கும்.

மதுரையில் 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. சென்னையில் சாந்தி இருந்த இடத்தில் வணிக வளாகம். இரண்டிலும் அரங்கு மிஞ்சவில்லை. நம் ஊரில் விலை மனைக்குத்தான்; கட்டடத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்தில் 1913-இன் எலெக்ட்ரிக் தியேட்டர் தப்பியதற்குக் காரணம், அஞ்சல் துறை அதை வாங்கித் தன் வேலைக்கு வைத்துக்கொண்டதுதான். இப்போது அங்கே தபால்தலைப் பிரிவு இருக்கிறது. பழைய தியேட்டரை இடிக்க அனுமதி கேட்கும் மனுவோடு அரங்கின் அளவு வரைபடத்தையும், சுவர், டிரஸ், பால்கனி பற்றிய பொறியாளர் அறிக்கையையும் கட்டாயமாக்கலாம். எதை நிறுத்தலாம், எங்கே வீடு கட்டலாம் என்று மனைக்காரரோடு உட்கார்ந்து பேச அப்போது காகிதத்திலாவது ஓர் ஆதாரம் இருக்கும்.