உச்சிவெயிலில் சுருளும் சோளம்

வெடி ஆபீஸ் மேடைகளில் சரக்கு காய்ந்துகொண்டிருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் மானாவாரிச் சோளம் நிற்கும். சிவகாசிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து 1923-இல் இங்கே தொடங்கியபோது, ஈரமில்லாத இந்தக் காற்றுதான் அவர்களுக்குத் துணை நின்றது. அதே காற்றில்தான் சோளமும் பிழைத்தாக வேண்டும்.

ஐப்பசியில் மழை இரண்டு வாரம் கண்ணை மூடிக்கொள்ளும். சின்ன வயதில் அப்படி ஒரு மதியம், எங்கள் கரிசலில் சோளத்தோகை அத்தனையும் குழல் மாதிரி சுருண்டு நின்றது. பயிர் செத்துவிட்டதென்று தாத்தாவிடம் ஓடினேன். “உச்சிக்குச் சுருளத்தான் செய்யும். பொழுது சாய விரியுதான்னு பாரு. விடிஞ்சும் விரியலேன்னாத்தான் கவலை” என்றார்.

தாத்தா சொன்னதன் உள்விவரம் கல்லூரியில்தான் கிடைத்தது. தோகையின் மேல்தோலில் நீர் நிறைந்த பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. நீர் குறைந்ததும் அவை தளர, இலை உள்பக்கமாகச் சுருள்கிறது. மேல்பக்கத்து இலைத்துளைகள் அந்தக் குழலுக்குள் ஒதுங்கிக்கொள்ள, வெயிலும் காற்றும் படும் பரப்பு குறைகிறது. தோகையடியில் சாம்பல் பூத்தாற்போல் விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடி மெழுகு. அதுவும் நீரைக் காக்கத்தான்.

இன்னொரு ஏற்பாடு கண்ணுக்குத் தெரியாதது. சோள இலையை மெல்லிய துண்டாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு நரம்பையும் சுற்றிப் பச்சைச் செல்கள் மாலை கட்டியிருக்கும். இந்த அமைப்புக்கு வைத்த கிரான்ஸ் என்ற ஜெர்மன் பெயருக்கும் மாலை என்றுதான் பொருள். வெளிச்செல்கள் கரியமில வாயுவை நான்கு கார்பன் கொண்ட அமிலமாகப் பிடித்து, இந்த மாலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கே வாயு செறிவாக இருப்பதால், கடும் வெப்பத்திலும் ஒளிச்சேர்க்கை வீணாவதில்லை. துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும். கரும்பில் நடக்கும் இந்த வழியை 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச்சும் ஸ்லாக்கும் விளக்கினார்கள். நெல்லுக்கு இது இல்லை. நெல் ஒரு கிலோ உடம்பு வளர்க்கச் செலவிடும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி சோளத்துக்குப் போதும்.

அப்படியானால் இந்த வழி உள்ள புல்லெல்லாம் வறட்சிப் புல்லா? நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். கரும்பைப் பாருங்கள், அதுவும் இதே வகைதான், ஆனால் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் மாவட்டத்துக் குதிரைவாலிக்கும் இதே மாலை உண்டு. அது கரிசல் காட்டிலும் விளையும், தண்ணீர் கட்டிய பள்ளத்திலும் அழுகாமல் நிற்கும். அதன் உறவான களைப்புல் நெல்வயல் சேற்றிலேயே நெல்லை முந்தி வளர்கிறது. நான்கு கார்பன் வழி முதலில் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் கிடைத்த பலம். வறட்சியைத் தாங்க அதன்மேல் சுருட்டலும் மெழுகும் ஆழ வேரும் சேரவேண்டும். சோளத்தில் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கரிசல்காரர்கள் எத்தனையோ தலைமுறையாக விதை பொறுக்கி வைத்து அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அன்று சாயந்தரம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். வெடி ஆபீஸ் வேலை விட்டு பெண்கள் தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்த நேரம். நுனித்தோகை ஒன்று மெல்லப் பிரிந்தது. பிறகு பக்கத்துத் தட்டையில் இன்னொன்று.