கண்முன் இல்லாதவள்

"நல்ல நூலைக் காலம் காக்கும், அழிந்தது அழியத் தக்கதே" என்று விடுதி நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வதுண்டு. இக்கூற்றை நான் ஏற்பதில்லை. காலம் அச்சுக் கோப்பதில்லை, காகிதம் வாங்குவதுமில்லை. யாரேனும் முன்வந்து பணம் போட்டால்தான் பழைய நூல் மீண்டும் வாசகர் கைக்கு வரும். இதனை எனக்கு உணர்த்தியது வேல்ஸ் நாட்டுப் பெண்கள் நடத்தும் சிறு பதிப்பகம் ஒன்று. அதன் பெயர் ஹொன்னோ.

அருகில் இருப்பவளுக்கு ஒரு சொல், சற்று அப்பால் நிற்பவளுக்கு ஒரு சொல், கண்ணுக்கு எட்டாதவளுக்கு ஒரு சொல் என வெல்ஷ் மொழியில் மூன்று சுட்டுகள் உண்டு. இவள், உவள், அவள் என்று பழந்தமிழ் கற்ற நமக்கு இது புதுமையன்று. 'ஹொன்னோ' அவற்றுள் மூன்றாவது. நம் எதிரில் இல்லாத பெண் என்று பொருள்.

1986-இல் தோன்றிய இப்பதிப்பகம் கூட்டுறவு முறையில் அமைந்தது. பங்கு ஒன்று 5 பவுன் என்று விற்று முதல் திரட்டினர். பல நாடுகளிலிருந்தும் 300-க்கு மேற்பட்ட பெண்கள் பங்கு வாங்கினர். ஆதாயம் வந்தால் அது அடுத்த நூலின் செலவுக்கே போகும். புதியவர்களின் நூல்களோடு, நெடுநாள் அச்சில் இல்லாத பெண்களின் நூல்களையும் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகின்றனர்.

அவற்றுள் ஒன்றை நம் நூலகத்தில் எடுத்து இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். ஏமி டில்வின் 1880-இல் எழுதிய 'ரெபெக்கா கலகக்காரன்' என்னும் நாவல் அது. 1839 முதல் 1843 வரை வேல்ஸின் தென்மேற்கே உழவர்கள் பெண் வேடம் பூண்டு, இரவில் சுங்கச் சாவடிகளை இடித்துத் தள்ளினர். 1843 செப்டம்பரில் பொண்டார்டுலைஸ் சாவடியருகே அவர்களைப் பிடிக்க அதிகாரிகளோடு பதுங்கியிருந்தவர்களுள் ஏமியின் தந்தையும் ஒருவர். மகளோ, கலகக்காரன் ஒருவன் தானே தன் கதையைச் சொல்வதாக எழுதினார்! செல்வர் மனையில் பிறந்தவர், தந்தை எதிர்த்து நின்றவனின் வாயால் பேசத் துணிந்தார். இந்நூலா அழியத் தக்கது?

தோழர்களே, ஒரு நூல் கடையில் இல்லையென்றால் அது தகுதியற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்காக 5 பவுன் கொடுக்க ஆள் இல்லாமல் போயிருக்கலாம். ஹொன்னோவுக்கு ஆட்கள் கிடைத்தனர். ஏமியை நானும் படித்தேன்.