டர்போவும் மூணு காம்பு மாடும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல மக்கா. ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி அதிகம். போன சனிக்கிழமை ஏழு கிலோ இரும்பு ஒண்ணு வித்தேன், அந்தக் கதையைச் சொல்லலாம்னு வந்தேன்.

மிச்சிகனுக்கு வந்த புதுசுல ஒரு பழைய மஸ்தா மியாட்டா வாங்கினேன். 1989ல வந்த மாடல். ரெண்டே சீட்டு, மடக்குற கூரை, 1.6 லிட்டர் எஞ்சின். எடை ஒரு டன்னுக்கும் கம்மி. 1960கள்ல இங்கிலாந்துக்காரன் செஞ்ச லோட்டஸ் எலானைப் பார்த்து ஜப்பான்காரன் செஞ்சது, ஆனா இது தினமும் காலையில ஸ்டார்ட் ஆகும் :) பவர்தான் பத்தாது. கம்பெனியே டர்போ வச்சு அமெரிக்காவுல வித்தது 2004, 2005 மாடல்ல மட்டும். மத்தவங்க தானா மாட்டிக்க வேண்டியதுதான். என்கிட்ட வந்த வண்டியில முன்னாடி வச்சிருந்த ஆளே மாட்டியிருந்தான்.

டர்போ மேனிஃபோல்டுன்னா, எஞ்சினோட நாலு வாயில இருந்து வர்ற புகையை ஒண்ணா சேர்த்து டர்போவுக்குள்ள தள்ற வார்ப்பிரும்புக் குழாய். அந்தப் புகை போற வேகத்துலதான் டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். வேகமா ஓட்டுறப்ப புகையோட சூடு 800 டிகிரியைத் தாண்டும். ஒரு அடி நீள வார்ப்பிரும்பு 700 டிகிரி சூடேறினா ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல நீளும். ஆனா ஒரு பக்கம் எஞ்சினோட போல்ட் போட்டு இறுக்கியிருக்கு, இன்னொரு பக்கம் டர்போ கனமா தொங்குது. நீளவும் விடாம, சுருங்கவும் விடாம தினம் வதைச்சா என்ன ஆகும்? விரிசல் விடும்.

கல்யாணம் நிச்சயமானதும் வண்டியில இருந்து டர்போவைக் கழட்டிட்டேன். (ஏன்னு கேக்காதீங்க, ரெண்டு சீட்டு வண்டியை வித்துடுங்கன்னு சொல்லாம விட்டதே பெருசு.) ஒரு கல்லூரிப் பையன் கேட்டு வந்தான். 300 டாலர்னு பேச்சு. அழகா கொடுப்போமேன்னு கம்பி பிரஷ் போட்டுத் துரு தேய்ச்சப்பதான் பார்த்தேன். ரெண்டாவது குழாய்க்கும் மூணாவது குழாய்க்கும் நடுவுல முடி மாதிரி ஒரு கோடு. நகத்தை வச்சா மாட்டுது. ஒன்றரை இஞ்சு இருக்கும்.

கூட வேலை பார்க்கிற நண்பன் ஈஸியா சொல்லிட்டான். "சூடு தாங்குற கறுப்பு பெயிண்ட் ஒரு கோட்டிங் அடி, மாமா. பழைய சாமான்தானே, அவனுக்கே தெரியும்." பொய் சொல்ல மாட்டேன், பெயிண்ட் டப்பா வாங்கிட்டு வந்துட்டேன். கராஜ்ல அதைக் குலுக்கிட்டு இருக்கும்போதுதான் ஊர்ல இருந்து அப்பா போன்.

நம்ம ஊர் அவலூர்பேட்டை. சந்தைக்குப் பேர் போன ஊர். அப்பா அந்தச் சந்தையில மாடு வாங்கி வித்தவர். துண்டைப் போட்டு மூடிகிட்டு உள்ள விரலைப் புடிச்சு விலை பேசுற கூட்டம். சின்ன வயசுல எனக்கு அது மேஜிக் மாதிரி இருக்கும். வியாபாரி மனுஷன்தானே, ஐடியா கேப்போம்னு விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா எடைடா?"

"ஏழு கிலோப்பா."

"உடைஞ்சா இன்னா ஆவும்?"

"புகை வெளிய கசியும். கூரையை மூடிகிட்டு ஓட்டினா வண்டிக்குள்ள வரலாம். விஷப் புகை, வாசனை கூடத் தெரியாது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் கேட்டார், "உனக்கு ஞாபகம் இருக்குதா, மலையனூருக்கு அமாவாசைக்குப் போறப்பல்லாம் நேர் வழியில போவாம சுத்திகிட்டுப் போவோமே?"

ஞாபகம் இல்லாமலா. அங்காளம்மன் கோயிலுக்குப் போற ஜனமெல்லாம் ஒரு பக்கம் போகும், நாங்க மட்டும் இன்னொரு பக்கம். நடந்து நடந்து கால் வலிச்சு அழுதிருக்கேன். ஏன்னு கேட்டா அம்மா முறைப்பாங்க.

ஒரு மாடாம். ஒரு காம்பு அடைச்சுப் போச்சு. அப்பா ஒரு நாள் முழுக்கப் பால் கறக்காம விட்டு, மடி புடைச்சிகிட்டு இருக்கும்போது சந்தைக்கு ஓட்டிட்டுப் போய் வித்துட்டார். வாங்கினது ஒரு பொம்பள, கையில கைக்குழந்தை. அடுத்த வாரம் அந்தம்மா சந்தைக்கு வந்து, திட்டல, பணம் கேக்கல, எதிர்ல நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்களாம். அவங்க ஊர் அந்த வழியிலதான் இருந்திருக்கு.

"திருப்பிக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுக்கலாம்னு நெனைக்கறதுக்குள்ள செலவாயிடுச்சிடா. அப்புறம் வருஷம் ஆயிடுச்சி."

அவ்வளவுதான் சொன்னார். நீ இன்னா பண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லல. மாப்பிள்ளை துணி எடுக்குற பேச்சுக்குப் போயிட்டார்.

சனிக்கிழமை பையன் வந்தான். டார்ச் அடிச்சு விரிசலைக் காட்டினேன். அப்படியே மாட்டாதேன்னு சொன்னேன். கோட்டோட ரெண்டு முனையிலயும் சின்னதா ஓட்டை போடணும், அப்பதான் விரிசல் மேல ஓடாது. அப்புறம் சூடுபண்ணி நிக்கல் ராடு வச்சு வெல்டு பண்ணி, காத்துல ஆறவிடாம சாம்பல்லயோ காஞ்ச மணல்லயோ புதைச்சு வைக்கணும். வார்ப்பிரும்பு சட்டுனு ஆறினா பக்கத்துலயே புதுசா விட்டுக்கும். அதுக்கப்புறமும் கியாரண்டி கிடையாதுன்னேன்.

பையன் முகம் சுண்டிப்போச்சு. ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கான். கடைசியில வெல்டிங் பழகிக்கிறேன்னு சொல்லி 80 டாலர் கொடுத்தான். மாட்டினா கேபினுக்குள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வச்சுக்கோன்னு சொல்லி அனுப்பினேன்.

ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். "எம்பதா? உம்..." அப்படின்னுட்டு, அங்க பனி பெய்யுதான்னு கேட்டார்.

பி.கு: ஆயில் லைனும் பிரிக்காத புது கேஸ்கெட்டும் இன்னும் கராஜ்லதான் கிடக்கு. பெயிண்ட் டப்பாவும்.