ஃபைல் மேனேஜர் எது நல்லது? ரிச்சி தெருவில் கேட்டதும் பார்த்ததும்

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கும் ரிச்சி தெருவுக்குச் சில நிமிட நடைதான். தெருவுக்குள் நுழைந்தபின் ஐம்பது அடி நகரவும் அதே நேரம் பிடிக்கிறது. சனிக்கிழமை காலை பதினொரு மணி. தலையில் டிவி பெட்டி சுமந்து வருபவருக்கு ஒதுங்கினால் முதுகில் பைக் ஹாரன். சிசிடிவி கடை வாசலில் பத்துப் பதினைந்து கேமராக்கள், அத்தனையும் நம்மையே பார்க்கின்றன.

போன்களைத் தினமும் பிரித்து மேய்கிறவர்கள் தங்கள் சொந்தப் போனில் எந்த ஃபைல் மேனேஜரை வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வந்த வேலை. பிளே ஸ்டோரில் தேடினால் வரிசையாக வந்து விழுகின்றன. எல்லாமே இலவசம் என்கின்றன, எல்லாமே நான்கு நட்சத்திரத்துக்கு மேல். என் போன் 128 ஜிபி. மிச்சம் ஆறு ஜிபி சொச்சம். வாட்ஸப்பில் வந்து குவிந்த குட்மார்னிங் படங்களும் கல்யாண வீடியோக்களும் போக எனக்கென்று அதில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

முதலில், போனில் பென் டிரைவைச் செருக உதவும் ஓடிஜி வாங்க ஒரு சின்னக் கடை. சுவரோடு ஒட்டிய மேசை, மேலே கொக்கிகளில் கேபிள்கள். டைப்-சி ஓடிஜி எண்பது ரூபாய் என்றார்கள், அறுபதுக்குக் கிடைத்தது. விற்ற பையனிடமே கேட்டேன். “கம்பெனி குடுத்ததே போதும் சார், எதுக்கு இன்னொண்ணு?” என்று தன் போனைத் திறந்து காட்டினான். படம், வீடியோ, ஆடியோ, ஆவணம் என்று கட்டம் கட்டமாக அழகாகத்தான் இருந்தது. கீழே ஒரு ரம்மி விளம்பரம். “இது எப்பவும் வரும் சார், கண்டுக்க மாட்டேன்.” வாட்ஸப் ஃபோல்டரைக் காட்டச் சொன்னேன். ‘சமீபத்தியவை’க்குப் போனான், ‘படங்கள்’ போனான், திரும்பி வந்தான். உண்மையான இடம் ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸப். ஆண்ட்ராய்டு 11 வந்ததிலிருந்து பெரும்பாலான போன்களில் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கட்டங்களைத் தாண்டி ஃபோல்டர்களுக்குள் இறங்குகிற வழி அவனுடைய செயலியில் இருக்கத்தான் செய்தது, மூலையில் ஒரு சின்னக் குறியாக. அவன் அதை அன்றுதான் தொட்டான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மாடியில் ஒரு சர்வீஸ் கடை. படிக்கட்டில் ஒரு ஆள் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. மேலே சால்டரிங் புகை வாசனை, மைக்ரோஸ்கோப்பில் குனிந்த தலைகள். மூத்த மெக்கானிக், வயது ஐம்பது இருக்கும். கண்ணை எடுக்காமலே சொன்னார்: “ஈஎஸ் எக்ஸ்ப்ளோரர் போடுங்க சார். அதை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஸ்டோர்ல கிடைக்காது, நம்ம பென் டிரைவ்ல ஏபிகே இருக்கு.”

ஒரு காலத்தில் அவர் சொன்னது சரி. ஈஎஸ் இல்லாத ஆண்ட்ராய்டு போனே அரிது. ஆனால் 2019 ஜனவரியில், அந்தச் செயலியை ஒருமுறை திறந்தாலே போன் 59777 என்ற போர்ட்டில் கமுக்கமாக ஒரு சர்வரை ஓட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதே வைஃபையில் இருக்கும் எவரும் அதன் வழியே கோப்புகளை எடுக்க முடிந்தது. அதே ஆண்டு, விளம்பரக் கிளிக் மோசடிப் புகாரை ஒட்டி பிளே ஸ்டோரிலிருந்தும் போய்விட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில், டிக்டாக்கோடு இதுவும் உண்டு. இதைச் சொன்னதும் நிமிர்ந்தார். “எனக்கு ஒண்ணும் ஆகலியே சார்.” நானும் வாதம் செய்யவில்லை. அவருடைய வைஃபை பாஸ்வேர்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னால் வேலை இருந்தது.

கீழே டீக்கடை. டீ பதினைந்து ரூபாய், ஏலக்காய் சற்றுத் தூக்கல். நின்றபடியே பிளே ஸ்டோரைத் திறந்தேன். மேலே இருந்த முதல் செயலி காசு கொடுத்து இடம்பிடித்தது, பக்கத்தில் சிறிய எழுத்தில் விளம்பரம் என்று போட்டிருந்தது. வேண்டுமென்றே அதையே இறக்கினேன். பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் டஜன் கணக்கில் இருக்கின்றன.

திறந்ததும் எல்லாக் கோப்புகளையும் அணுகும் அனுமதி கேட்டது. அதில் குற்றமில்லை. புதிய ஆண்ட்ராய்டுகளில் ஃபைல் மேனேஜர் என்றால் செட்டிங்ஸில் போய் அந்த ஒரு பொத்தானை நாமே இயக்கித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் அதற்கு வேலையே நடக்காது. அடுத்து மற்ற செயலிகளின் மேல் தோன்ற அனுமதி. அப்புறம் லொகேஷன். ஃபோல்டரைத் திறக்க நான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று எதற்குத் தெரியவேண்டும்? இரண்டையும் மறுத்தேன். மறுத்தும் வேலை செய்தது, ஆக அவை தேவையே இல்லை.

பிறகு சிவப்பு வட்டம் சுழன்றது: ‘2.4 ஜிபி குப்பை!’ அழுத்துவதற்கு முன் போனின் செட்டிங்ஸில் சேமிப்பகம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். காலி இடம் 6.1 ஜிபி. அழுத்தினேன். துடைப்பம் பெருக்குவதுபோல ஒரு அனிமேஷன், அதன் முடிவில் விளம்பர வீடியோ, ‘வாழ்த்துகள்’. மறுபடி செட்டிங்ஸ்: 6.2 ஜிபி. செயலிக்குத் திரும்பினால் அதற்குள் இன்னொரு 800 எம்பி குப்பை சேர்ந்துவிட்டதாம். டீ கூட ஆறவில்லை. ‘பூஸ்ட்’, ‘கூல்’ என்று பொத்தான் வைத்திருக்கும் எதையும் இப்படி சேமிப்பகம் பக்கத்தோடு ஒத்துப்பார்த்தால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.

அடுத்து கூகுளின் ஃபைல்ஸ். 2017 டிசம்பரில் ஃபைல்ஸ் கோ என்று வந்து, அடுத்த ஆண்டு பெயர் மாறியது. விளம்பரம் இல்லை. எதை அழிக்கலாம் என்று அது காட்டும் பட்டியலில் ஒவ்வொரு கோப்பையும் நாமே திறந்து பார்க்க முடிகிறது. ஒரே படம் மூன்று பிரதி, ஒரே பிடிஎஃப் நான்கு தடவை இறங்கியது, எல்லாம் கண்ணெதிரே. பெரிய கோப்புகள் பகுதியில்தான் எனக்குப் புதையல்: யாரோ அனுப்பிய, நான் பார்க்கவே பார்க்காத வளைகாப்பு வீடியோ ஒன்றே 1.3 ஜிபி. அழித்தால் நேரே போய்விடுவதில்லை, 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. ஆகவே இடம் உடனே கூடவில்லையே என்று பதறக்கூடாது, தொட்டியையும் காலி செய்யவேண்டும். செய்ததும் செட்டிங்ஸில் எண் உண்மையாகவே ஏறியது. பின் போட்டுப் பூட்டும் பாதுகாப்பு ஃபோல்டரும் உண்டு. அந்தப் பின்னை மறந்தால் கோப்புகளை மீட்க வழியில்லை என்று அதுவே எச்சரிக்கிறது. குறை என்றால், வீட்டுக் கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாகத் திறக்க இதில் வழி காணோம்.

அதற்குத்தான் மெட்டீரியல் ஃபைல்ஸ். நிரல் பொதுவில் திறந்து கிடக்கிறது, பிளே ஸ்டோரிலும் எஃப்-டிராய்டிலும் கிடைக்கும். விளம்பரம் கிடையாது, அனிமேஷன் கிடையாது. நாம் எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று தலைப்பில் ஒரு வரி. அதில் எங்கே தொட்டாலும் அங்கே போகலாம். கடைப்பையன் தேடியது இதில் நான்கு தட்டில் வந்தது. ஆனால் இதில் அழித்தால் அழித்ததுதான், தொட்டி இல்லை. சோதனைக்கென்று எடுத்த டீ கிளாஸ் படம் நொடியில் காணாமல் போனது. கை நடுங்குகிறவர்கள் கவனம்.

மறுபடி மாடிப்படி. மெட்டீரியல் ஃபைல்ஸின் மெனுவில் எஃப்டிபி சர்வர் என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்ற அமைப்பை அணைத்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இயக்கினேன். மேலே அறிவிப்புப் பட்டியில் சர்வர் ஓடுகிறது என்று உடனே தகவல் வந்து நின்றது. அதே வைஃபையில் இருந்த மெக்கானிக்கின் கம்ப்யூட்டரில் முகவரியை அடித்து, கடைசியில் போர்ட் எண் 2121 சேர்த்ததும் என் போன் ஃபோல்டர்கள் அவர் திரையில் விரிந்தன. கேபிள் இல்லை. ஈஎஸ் திறந்ததும் இப்படியொரு கதவுதான், ஆனால் அது நமக்குத் தெரியாமல் திறந்தது. இங்கே நாம் திறக்கிறோம், நாமே மூடுகிறோம். எஃப்டிபியில் போவது எதுவும் மறையாக்கப்படுவதில்லை என்பதால் காபி ஷாப் வைஃபையில் இந்த வேலை வேண்டாம். மெக்கானிக் ஏதும் சொல்லவில்லை. பெயரை மட்டும் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

ஓடிஜியையும் அங்கேயே சோதித்தேன். ஐந்து ஜிபி கல்யாண வீடியோ ஒன்று பென் டிரைவுக்கு ஏற மறுத்தது. “பென் டிரைவ் டூப்ளிகேட்டா இருக்கும்” என்றார் பக்கத்து மேசைத் தம்பி. கம்ப்யூட்டரில் செருகி பண்புகளைப் பார்த்தோம்: ஃபேட்32. அதில் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு எந்தச் செயலியாலும் ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்ததும் ஏறியது. படங்கள் ஏறின, ஆனால் தேதியெல்லாம் இன்றைய தேதியாகிவிட்டது. 2019 பொங்கலும் போன வார மழையும் ஒரே நாளில் நடந்ததாகக் காட்டியது. ஃபோல்டரை முதலில் ஜிப் ஆக்கி அதை ஏற்றினால் பழைய தேதிகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. போனிலேயே ஜிப் ஆக்கும் வசதியும் நல்ல ஃபைல் மேனேஜருக்கு ஒரு அடையாளம்.

பக்கத்து மேசைத் தம்பி தன் போனில் சிம்பிள் ஃபைல் மேனேஜர் வைத்திருந்தார். நல்ல செயலியாக இருந்தது. 2023 கடைசியில் அந்தச் செயலிகளின் உரிமை வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. பழைய நிரலை எடுத்து ஆர்வலர்கள் ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்கிறார்கள். அங்கேயே மாற்றிக்கொண்டார்.

என் போனில் இரண்டு மட்டும் நிற்கின்றன: சுத்தம் செய்ய ஃபைல்ஸ், இடம் மாற்ற மெட்டீரியல் ஃபைல்ஸ். துடைப்பம் ஆட்டிய செயலியை மெட்ரோ நடைமேடையில் நீக்கினேன். நீக்கிய பிறகு, மறைந்த கோப்புகளைக் காட்டு என்ற அமைப்பை இயக்கிப் பார்த்தால், புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரு ஃபோல்டரை அது விட்டுவிட்டுப் போயிருந்தது. உள்ளே 40 எம்பிக்கு விளம்பரப் படங்கள். குப்பை என்று அது கடைசிவரை காட்டாத குப்பை. அதையும் அழித்துவிட்டு ரயிலேறினேன்.