பாதத்தில் ஒரு கிலோ

முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுமுன் அப்பா பூட்ஸ் கட்டி முடித்திருப்பார். முனையில் இரும்புக் கவசம் பொதிந்த பாதுகாப்புக் காலணி. நாங்கள் மூவரும் அதை முறைவைத்துத் தூக்கிப் பார்ப்போம். மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்தோம். ஒற்றைக் காலணி ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவு.

1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1971-இல் உர ஆலையும் இயங்கத் தொடங்கிய மணலியில் அந்தக் காலணியின் ஓசைதான் விடியல். அப்பாவுக்கு வாய்த்தது ஒரு சிறு பட்டறை.

மாலையில் பூட்ஸைக் கழற்றியதும் முதல் சில அடிகளில் அவர் பாதம், இல்லாத எதையோ தாண்டுவதுபோல் உயர எழும். கொக்கு நடை என்று சிரித்திருக்கிறோம். எடைக்குப் பழகிய தசைகள், எடை நீங்கியதை உணருமுன் பழைய விசையிலேயே இழுக்கின்றன என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தோம்.

தோளில் ஏற்றும் சுமை வேறு, பாதத்தில் கட்டும் சுமை வேறு. நடக்கையில் கால் இடுப்பிலிருந்து ஊசல்போல வீசுகிறது. ஊசலின் நுனியில் எடை கூடினால் வீசவும் அதிக விசை வேண்டும், தரை தொடுமுன் நிறுத்தவும் அதிக விசை வேண்டும். நிறுத்தும் வேலை தொடையின் பின்தசைகளுடையது. அவை களைத்தால் பாதம் இறங்குவதில் கட்டுப்பாடு குறையலாம். 1969-இல் (மணலிக்கும் அதுவே ஆண்டு!) அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பாதத்தில் ஏற்றிய ஒவ்வொரு கிலோவும், ஒரு கிலோ உடலெடையைவிட 4 முதல் 6 மடங்கு ஆற்றலைத் தின்றது.

இதையெல்லாம் அறியாத நாளில் ஒரு பிழை செய்தோம். ஓய்வுபெற்ற அப்பாவின் முழங்கால் வலிக்கு, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவதற்கென்று மணல் நிரப்பிய எடைப்பட்டைகளைத் தந்திருந்தார்கள். நடந்தால் இன்னும் பலன் கூடும் என்று முடிவு செய்து, அவற்றைக் கட்டிவிட்டு அவரைத் தெருவுக்கு அனுப்பியவர்கள் நாங்கள்தாம். பத்தாம் நாள், கன்டெய்னர் லாரிகள் பெயர்த்துப்போட்ட சாலையோரத்தில் கணுக்கால் மடங்கி விழுந்தார்.

தொண்ணூறுகளில் அப்துல் கலாம், ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்தில் 3 கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் காலிப்பர்களை இழுத்து நடந்த குழந்தைகளைக் கண்டார். அக்னி ஏவுகணைக்கென உருவான இலகுப் பொருளைக்கொண்டு அவற்றை 300 கிராமாக்கினார். அவர் கழற்றிய எடையைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கிக் கட்டியிருக்கிறோம்.

முழங்கால் தேய்ந்தது பூட்ஸால்தான் என்று தீர்ப்பெழுத எங்களிடம் ஆதாரமில்லை. இரும்புக் குழாய் விழுந்த ஒருநாள் அப்பாவின் விரல்களைக் காத்ததும் அதுவே. இப்போது கான்வாஸ் ஷூவில் நடக்கிறார். பரண்மேலிருக்கும் பூட்ஸைப் போட்டுவிடலாமா என்றால், "கிடக்கட்டும்" என்கிறார்.