சக்கரம் தேடிய படலம்

சிறுபாணாற்றுப்படையை வகுப்பில் ஓதிவருங்கால், நல்லியக்கோடனது தேருருளையைக் குறிக்க நூலாசிரியர் ஆண்ட குறடு, ஆரம், நேமி என்னும் மூன்று சொற்களையும் யாம் ஏட்டின் ஓரத்திற் குறித்து வைத்தோம். அவை தேர்வுக்கு உதவும் என்று கருதினோமேயன்றிப் பழைய இரும்புக் கடையொன்றில் எமக்குத் துணைநிற்கும் என்று அப்பொழுது நினைத்தோமில்லை. சென்ற கோடை விடுமுறையில் அங்ஙனமே நேர்ந்தது.

எமது ஊர் கூடலூர். கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலைக்கு ஏறும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்தது. கோழி கூவுமுன்னரே ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் ஓசை எம் தெருவை எழுப்பிவிடும். எந்தையார் அத்தகைய ஜீப் ஒன்றைக் கூலிக்கு ஓட்டுபவர். எமக்கென்று உள்ளது 2005-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாருதி 800 ஒன்று. எம்மிடம் வருமுன் இருவர் கை கடந்தது. 1983 டிசம்பரில் குர்கானில் முதன்முதல் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் ஆக்கம் நின்றுபோன அவ்வினத்து வண்டிகள் எம் பள்ளத்தாக்கில் இன்னும் பல ஓடுகின்றன. அதனை யாம் வைத்திருப்பது உலாவுதற்கன்று. எம் அன்னையார் முதுகுத்தண்டு நோவினால் வருந்துபவர். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தேனிக்கு அப்பால் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். போக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், மீள அவ்வளவே.

லோயர்கேம்ப் அருகே ஒருநாள் இரவு பள்ளமொன்றில் இறங்கியேறியதில் முன்சக்கரம் இரண்டன் நேமியும் நெளிந்தன. கம்பத்துப் பட்டறையில் இருமுறை தட்டி நிமிர்த்தனர். மூன்றாம் முறை பார்த்தபொழுது ஒன்றில் மயிரிழைபோல் வெடிப்புத் தோன்றிற்று. “பற்றவைத்துத் தருகிறேன் அண்ணே” என்றார் பட்டறைக்காரர். எந்தையார் தலையசைத்து மறுத்தனர். வண்டி நாற்பதைக் கடந்தால் கைப்பிடிச் சக்கரம் நடுங்கும். அன்னையார் ஒரு கையால் இருக்கையையும் மறு கையால் கதவையும் பற்றிக்கொண்டு, பேசாது வருவர். அவர் பேசாது வருதலே எமக்குத் துன்பமாயிருந்தது.

இனி எம் பிழையைக் கூறுதும். அக்கோடையில் யாம் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டியும் பெட்டி அடுக்கியும் 7,500 ரூபாய் ஈட்டியிருந்தோம். (2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைதான், அதன் மணம் நன்று, அதனைச் சுமத்தலோ வேறு கதை.) விடுதிக் கட்டணத்திற்கென்று எந்தையார் கருதிய அத்தொகையை யாமே வலியச் சக்கரத்திற்குக் கொடுத்தோம். கொடுத்ததன் காரணம் அன்னையார் நோவு மட்டும் என்று அன்று சொன்னோம். உண்மையில், கிறிஸ்துமஸ் அன்று ஆலய வாயிலில் எம் வண்டி அலாய் சக்கரங்களோடு வெள்ளிபோல் ஒளிர்ந்து நிற்கும் காட்சியும் எம் உள்ளத்தில் இருந்தது. உடன் பயில்வார் இருவர் வண்டிகளை யாம் கண்டிருந்தோம்.

மதுரையில் ஒரு கடைக்குச் சென்றோம். பழைய அலாய் சக்கரங்கள் தோரணம்போல் தொங்கின. நான்கு சேர்ந்து 7,000 ரூபாய் என்று ஒரு தொகுதியைக் காட்டினர். எம் கண் அதிலேயே தங்கிவிட்டது. எந்தையார் சட்டைப் பையிலிருந்து நூல் ஒன்றை எடுத்து, எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்குப் பிடித்து, பின் அளவுகோலில் வைத்தனர். நூறு மில்லிமீட்டர். எம் வண்டியின் குறட்டிலுள்ள நான்கு போல்ட்டுகள் நிற்கும் வட்டமோ 114.3 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலம். ஒவ்வொரு துளையும் ஏழு மில்லிமீட்டர் விலகி நிற்கும். “துளையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே” என்றார் கடைக்காரர். வார்ப்பிற் செய்த அலுமினியக் கலவையில் பழைய துளையை ஒட்டி மற்றொன்று குடைந்தால், இடையே எஞ்சும் மெல்லிய தசையே வண்டியின் சுமையைத் தாங்கவேண்டும். எந்தையார் இதனை விளக்கினாரல்லர். நூலைச் சுருட்டிப் பையில் இட்டுக்கொண்டார்.

கடைக்காரர் விட்டாரில்லை. எட்டுத் துளை உடைய வேறொரு தொகுதியைக் கொணர்ந்தார். நான்கு நூறு மில்லிமீட்டர் வட்டத்திற்கு, நான்கு எம் வட்டத்திற்கு. துளை பொருந்திற்று. ஆயின் அது பதின்மூன்று அங்குலச் சக்கரம், எம்முடையது பன்னிரண்டு. “ஓர் அங்குலந்தானே” என்று யாமும் அவரோடு சேர்ந்து வாதித்தோம்.

அன்றிரவு வீட்டில் அமர்ந்து கணக்கிட்டபொழுதுதான் அவ்வோர் அங்குலத்தின் இயல்பு விளங்கிற்று. எம் வண்டியின் டயர் 145/70 ஆர் 12. அதன் பக்கச்சுவர் 145-இல் நூற்றுக்கு எழுபது, அதாவது 101.5 மில்லிமீட்டர். இருபுறமும் கூட்டி, நேமியின் 304.8-ஐயும் சேர்த்தால் முழு விட்டம் 507.8. பதின்மூன்று அங்குலத்தில் வழக்கமாகக் கிடைக்கும் 155/65 டயரை மாட்டினால் விட்டம் 531.7 ஆகும், நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து மிகுதி. வேகமானி அறுபது என்று காட்டுங்கால் வண்டி அறுபத்துமூன்றில் ஓடும். 796 சி.சி. அளவேயுள்ள எஞ்சின் குமுளி மலையில் ஏறுங்கால் இன்னும் இளைக்கும். ஐவர் அமர்ந்தால் டயர் சேற்றுக்காப்பில் உரசவும் கூடும். அன்றி, விட்டத்தை மாறாமல் வைக்கவேண்டுமெனில் பக்கச்சுவரை அரை அங்குலம் குறைத்தாகவேண்டும். குறையும் அவ்வரை அங்குலம் வெறும் இரப்பரன்று. அதனுள் நிற்கும் காற்றே பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது. அது குறைந்தால் எஞ்சிய அதிர்ச்சி யாருடைய முதுகிற்குச் செல்லும் என்பதை யாம் ஏட்டில் எழுதவேண்டியதில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டோம்.

“தம்பி, சக்கரம் ஊரார் பார்க்கவா, ஊர் போய்ச் சேரவா?” என்று எந்தையார் மறுநாட் காலை கேட்டனர். அவர் எம் உள்ளத்திலிருந்த ஆலய வாயிலை எப்படி அறிந்தனரோ!

அதன்பின் தேடியது எளிய இரும்பு ரிம்மை. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, அப்படி ஒவ்வோர் ஊரிலும் வண்டிகளைக் கழற்றி விற்கும் கடை சில உள. தேனியில் அத்தகைய ஒன்றில், எம் வண்டியின் இனத்திலிருந்தே கழற்றிய ரிம்கள் குவிந்து கிடந்தன. இரும்பு அழகற்றதுதான், ஆயினும் கல்லில் மோதினால் நெளியும், அலாய்போல் சட்டென வெடித்துவிடாது. ஒவ்வொன்றையும் தரையில் உருட்டிப் பார்த்தோம். நேராக ஓடாது வட்டமிட்டதை ஒதுக்கினோம். நேமியின் உட்புறத்தில் விரலோட்டிப் பற்றவைத்த தழும்பு உண்டா என்று தேடினோம். குறட்டோடு பொருந்தும் நடுத்துளையும், நட்டு அமரும் கூம்புக் குழிகளும் தேய்ந்துள்ளனவா என்று பார்த்தோம். இவ்வாறு இருபத்தொன்றில் இரண்டு தேறின. குறட்டையும் நேமியையும் யாம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதைக் கேட்டுக் கடைக்காரர், “தம்பி தேர் செய்யுறவரா?” என்று நகைத்தார்.

ரிம் இரண்டும் 1,200 ரூபாய். புதிய டயர் இரண்டு 5,000. டயர் வாங்குங்கால் அதன் பக்கத்திலுள்ள நான்கு எண்களைப் படித்தல் வேண்டும் என்று எந்தையார் கற்பித்தனர். முன்னிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. முதலில் எடுத்துத் தந்த டயரில் 2319 என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் பிறந்து இத்தனை காலம் கடையில் உறங்கியது. அதனைத் திருப்பிக் கொடுத்துப் புதியதைக் கேட்டுப் பெற்றோம். மாட்டவும் சமன்செய்யவும் 400. ஆக 6,600 செலவு, 900 மீந்தது. அதில் ஒரு பகுதிக்கு வெள்ளி வண்ணம் ஒரு டப்பி வாங்கினோம். எந்தையார் முற்றத்தில் குந்தி, துருவைச் சுரண்டி, நான்கு ரிம்களுக்கும் தாமே பூசினர். எம் ஆசையை அவர் மறக்கவில்லை.

அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கவேண்டும் என்பது எந்தையார் வழக்கம். வீரபாண்டி கடந்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, யாம் ஸ்பேனரை எடுத்தோம். எந்தையார் உதட்டில் விரல் வைத்துப் பின்னிருக்கையைக் காட்டினர். அன்னையார் கைகளை மடியில் வைத்தபடி உறங்கிக்கொண்டிருந்தனர். எவ்விடத்தில் கண்ணயர்ந்தனர் என்று வினவினோம். “சின்னமனூருக்கு முன்பே” என்று எந்தையார் மெல்லச் சொன்னார்.